மாதிரித் தலைகள்

அஞ்சல் தலை திரட்டுவோரின் ஏடுகளில் சிற்சில வேளைகளில் வியப்பான தலை ஒன்று காணப்படும். அதன் வண்ணம் மங்கியிராது. விளிம்புப் பற்களில் ஒன்றேனும் முறிந்திராது. பின்புறத்துப் பசையும் பூசியவாறே இருக்கும். அஞ்சல் நிலையத்தின் கருமுத்திரை அதன்மேல் விழுந்ததே இல்லை. ஆயினும், அரசரின் திருமுகத்துக்குக் குறுக்கே 'ஸ்பெசிமன்' என்னும் ஆங்கிலச் சொல் அச்சிடப்பட்டிருக்கும். புதிதாகத் தலை திரட்டத் தொடங்கிய சிறுவன், "நல்ல தலையை யாரோ கெடுத்துவிட்டனர்" என்று எண்ணி அதனை ஒதுக்கிவிடுதல் இயல்பு. முதிர்ந்த திரட்டாளரோ அதனையே முதலிற் கையிலெடுத்து நோக்குவர். ஒருவர் பழுது என்று தள்ளியதை மற்றொருவர் செல்வம் என்று போற்றுவது என்னை? அச்சொல் அங்கு வந்து சேர்ந்த வரலாற்றை அறிந்தாலன்றி இதற்கு விடை காண்டல் அரிது.

'ஸ்பெசிமன்' என்பதன் பொருள் மாதிரி என்பதாம். இச்சொல்லைத் தாங்கிய தலை விற்பனைக்கு உரியதன்று. அதனைக் கடிதத்தில் ஒட்டி விடுத்தாலும் செல்லாது. உண்மைத் தலை எவ்வாறு இருக்கும் என்பதை அஞ்சல் அலுவலர்க்குக் காட்டுதற்கென்றே அஃது அச்சாயிற்று. கடிதம் சுமத்தல் ஏனைய தலைகளின் தொழில். அத்தலைகள் மெய்யானவையே என்று சான்று கூறுதல் இதன் தொழில்.

உலகின் முதல் ஒட்டுத் தலையாகிய கறுப்புப் பென்னி, ரோலண்டு ஹில் என்பாரின் முயற்சியால் இங்கிலாந்தில் 1840ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள் செல்லுபடியாகும் எனக் குறிக்கப்பட்டது. அதற்கு முன்னர் எந்த ஊரின் அஞ்சல் அதிகாரியும் ஒட்டுத் தலை என்ற ஒன்றைக் கண்ணாற் கண்டதில்லை. கண்டறியாத பொருளில் மெய் எது, போலி எது என்று அவர் பிரித்தறிவது எங்ஙனம்? பென்னி விலையுள்ள சிறு தாளை எவனேனும் ஒருவன் தன் வீட்டிலேயே அச்சடித்து விற்கத் தொடங்கினால் அரசின் வருவாய் என்னாவது? இவ்வச்சத்தை முன்னரே உணர்ந்த அஞ்சல் தலைமை நிலையத்தார், அவ்வாண்டு ஏப்ரல் மாதத்திலேயே ஊர்தோறும் இருந்த அஞ்சல் அதிகாரிகளுக்கு ஒரு சுற்றறிக்கை விடுத்தனர். புதிய தலையின் மாதிரிகள் இரண்டு அதனோடு இணைக்கப்பட்டிருந்தன. அவற்றைக் கருத்துடன் காத்து வைத்துக்கொண்டு, வரும் கடிதங்களிலுள்ள தலைகளோடு ஒப்பிட்டு நோக்குமாறு அதிகாரிகள் பணிக்கப்பட்டனர். ஐயத்துக்கிடமான தலை கண்ணிற் பட்டால் அக்கடிதத்தைத் தடுத்து வைத்தல் கூடாது. முகவரியைக் குறித்துக்கொண்டு உடனே தலைமை நிலையத்துக்குத் தெரிவித்தல் வேண்டும் என்பதும் அவ்வறிக்கையின் கட்டளை. போலியை ஒட்டியவன் ஒருவனாக இருக்க, கடிதத்துக்குக் காத்திருப்பவன் வேறொருவன் அன்றோ? அவனை வருத்தாமல் குற்றவாளியைத் தேடிய இம்முறை பெரிதும் பாராட்டத்தக்கது.

அம்முதல் மாதிரிகளில் 'ஸ்பெசிமன்' என்னும் சொல் இல்லை. சொல் இல்லாத மாதிரி பணத்துக்கு ஒப்பானது. எவரும் அதனை ஒட்டிக் கடிதம் விடுக்கலாம், அல்லது விற்றுக் காசாக்கலாம். பென்னித் தலையாயின் இழப்புச் சிறிது. விலை உயர்ந்த தலைகள் தோன்றியபின் அவ்வாறு வாளாவிருத்தல் இயலாதாயிற்று. 1847இல் வெளிவந்த ஒரு ஷில்லிங் தலையின் மாதிரிகளிலேயே இச்சொல்லைக் காணலாம்.

ஒப்பிட்டு நோக்குவார் இல்லாதவிடத்து என்ன நேரும் என்பதற்கு இலண்டன் மாநகரில் நடந்த ஒரு நிகழ்ச்சி சான்றாகும். அந்நகரத்துப் பங்குச் சந்தையினுள் ஒரு தந்தி நிலையம் இருந்தது. பங்கு விலைகளைத் தந்தியில் அறிவிக்க விரைந்து வரும் வணிகர், செய்தியை எழுதி ஒரு ஷில்லிங் காசையும் கொடுத்துவிட்டு நீங்குவர். அலுவலர் அத்தாளில் பச்சை நிறமுள்ள ஒரு ஷில்லிங் தலையை ஒட்டி முத்திரையிடுவர். 1872ஆம் ஆண்டை ஒட்டி அங்கு ஒட்டப்பட்ட தலைகளுட் பல, அரசாங்க அச்சகத்தில் அச்சானவை அல்ல. மறைவாகச் செய்யப்பட்ட போலிகளே. வணிகர் தந்த காசு யாரோ ஒருவரின் பைக்குச் சென்றது. தந்தித் தாள்களோ மக்கள் கைக்குத் திரும்புவன அல்ல; சில காலம் வைத்திருந்து அழித்துவிடத்தக்கவை. ஆதலின் இவ்வஞ்சம் எக்காலத்தும் வெளிவராது என்று செய்தவர் துணிந்திருத்தல் வேண்டும்.

ஆனால், அத்தாள்களுட் சில அழியாமல் தப்பித் தலை வணிகரிடம் வந்து சேர்ந்தன. 1898ஆம் ஆண்டில் சார்லஸ் நிசன் என்னும் தலை வணிகர் அவற்றை ஆராய்ந்தார். உண்மைத் தலையின் தாளை ஒளிக்கெதிரே பிடித்தால் ரோசாக்கிளை வடிவான நீர்க்குறி ஒன்று தோன்றும். இவற்றிலோ நீர்க்குறியே இல்லை. அன்றியும், அக்காலத்துத் தலைகளின் மூலைகளில் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். 20 வரிசையும் வரிசைக்கு 12 தலையுமாக 240 தலைகள் கொண்ட முழுத்தாளில் அத்தலை நின்ற இடம் எது என்பதை அவ்வெழுத்துகள் காட்டும். போலி செய்தவன் இக்கணக்கை அறியாதவன். முழுத்தாளில் இருக்கவே இயலாத இடங்களைக் குறிக்கும் எழுத்துகளைச் சில தலைகளிற் பொறித்துவிட்டான். இவ்வாறு கால் நூற்றாண்டுக்குப் பின்னர் அவ்வஞ்சம் வெளிப்பட்டது. செய்தவர் யார் என்பது இன்றளவும் உறுதிப்படவில்லை. ஒருவரும் தண்டனை பெற்றாரல்லர். உண்மைத் தலையைப் பக்கத்தில் வைத்து ஒருவர் ஒருமுறை உற்று நோக்கியிருந்தால், முதல் நாளிலேயே பிடிபட்டிருக்கக்கூடிய குற்றம் இது.

ஒரு நாட்டுக்குள்ளேயே நிலைமை இதுவாயின், பல நாடுகளுக்கிடையே செல்லும் கடிதங்களைப் பற்றிக் கூற வேண்டுவதில்லை. சப்பானிலிருந்து சென்னைக்கு ஒரு கடிதம் வருவதாகக் கொள்வோம். அதற்குரிய கட்டணம் செலுத்தப்பட்டதா, இல்லையா என்பதைச் சென்னை அலுவலர் அறிதல் வேண்டும். குறைவாயின் பெறுவோரிடம் அதனைத் தண்டுதல் வேண்டும். அதன்மேல் ஒட்டியுள்ள சப்பானியத் தலை மெய்யானதா என்பதை அவர் எதனைக் கொண்டு துணிவர்? 1874ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள் சுவிட்சர்லாந்து நாட்டுப் பெர்ன் நகரில் 22 நாடுகள் கூடி ஓர் அஞ்சல் உடன்படிக்கை செய்துகொண்டன. அவ்வாறு தோன்றிய சங்கத்தில் இந்தியா 1876இல் சேர்ந்தது. 1878இல் பாரிசு நகரில் நடந்த மாநாட்டில் அச்சங்கம் அனைத்துலக அஞ்சல் ஒன்றியம் என்னும் பெயர் பெற்றது. ஒவ்வொரு நாடும் தான் வெளியிடும் தலைகளின் மாதிரிகளைப் பெர்ன் நகரத்து அலுவலகத்துக்கு அனுப்புதல் வேண்டும், அவ்வலுவலகம் அவற்றை உறுப்பு நாடுகள் அனைத்துக்கும் பகிர்ந்தளித்தல் வேண்டும் என்னும் ஏற்பாடு 1879 முதல் நடைமுறைக்கு வந்தது.

ஒவ்வொரு நாட்டுக்கும் சில படிகள் வீதம் அனுப்பப்பட்டமையின், ஒரு தலைக்குச் சில நூறு மாதிரிகளே தேவைப்பட்டன. மக்களுக்கு விற்கப்பட்ட தலைகளோ இலட்சக்கணக்கில் அச்சாயின. இந்த எண்ணிக்கை வேறுபாடு நினைவிற் கொள்ளத்தக்கது. பின்னர்க் கூறப்படும் விலை வேறுபாட்டுக்குக் காரணம் பெரும்பாலும் இதுவே.

மாதிரிகளின்மேல் இன்ன சொல்லைப் பொறித்தல் வேண்டும் என்று ஒன்றியம் விதித்ததில்லை. சில நாடுகள் ஒன்றும் பொறியாமலே அனுப்பின. பல நாடுகள் தத்தம் மொழியிற் பொறித்தன. செருமானியர் 'முஸ்தர்' என்றும், இத்தாலியர் 'சாஜ்ஜோ' என்றும், இசுபானியர் 'முவெஸ்த்ரா' என்றும், உருசியர் 'ஒப்ரஸேத்ஸ்' என்றும், சப்பானியர் 'மிஹோன்' என்றும் பொறித்தனர். மொழி வேறாயினும் பொருள் ஒன்றே. போர்த்துக்கேய அரசினர் செய்தது இவற்றினும் வேறானது. பெர்ன் நகரிலிருந்து தமக்கு வந்த பிறநாட்டுத் தலைகளைத் தம் ஆட்சிக்குட்பட்ட கடல்கடந்த நாடுகளுக்கு அனுப்புங்கால், 'கடல் கடந்தது' என்னும் பொருளுடைய 'உல்ட்ரமார்' என்ற சொல்லை அவற்றின்மேற் பொறித்தனர். ஆகவே, வேற்று நாட்டுத் தலை ஒன்றில் இச்சொல் காணப்படுமாயின், அஃது எவ்வழிச் சென்றது என்பதைத் திரட்டாளர் உடனே உணர்வர். கடிதம் எதனையும் சுமவாத தலை, கடல் பல கடந்த பயணியாக விளங்குதல் இனிய முரணாகும்.

சொல்லைப் பொறிக்கும் முறையும் காலந்தோறும் வேறுபட்டது. தொடக்கத்தில் கை முத்திரையாலும், பின்னர் அச்சாலும் பொறித்தனர். ஆங்கிலக் குடியேற்ற நாடுகள் பலவற்றின் தலைகளை அச்சிட்ட இலண்டன் டி லா ரூ கம்பெனியார், மாதிரிகளையும் மேலச்சிட்டுத் தந்தனர். 1928 முதல் மேலச்சுக்கு மாறாக, நுண்ணிய துளைகளால் அச்சொல்லை அமைக்கும் வழக்கம் அந்நாட்டுத் தலைகளில் வந்தது. மையினால் எழுதியதை ஒருகால் அழித்துவிடலாம். தாளை ஊடுருவிய துளைகளை மறைத்தல் அத்துணை எளிதன்று.

இனி, திரட்டாளர் இவற்றை மதிக்குமாறு காண்போம். சாதாரணத் தலைகளை மதிக்கும் அளவுகோல் கொண்டு மாதிரிகளை அளந்தால் பிழைபட நேரும். எளிய தலையின் மாதிரி அத்தலையினும் விலை மிகுந்ததாகவும், அரிய தலையின் மாதிரி அத்தலையினும் மிக மலிந்ததாகவும் இருக்கும். இவ்விரண்டுக்கும் இலங்கைத் தலைகளிலேயே எடுத்துக்காட்டு உண்டு. 1937ஆம் ஆண்டில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் முடிசூடியபோது, இலங்கை அரசினர் 6, 9, 20 சதம் விலையுள்ள மூன்று தலைகளை வெளியிட்டனர். உலகெங்கும் அவற்றை வாங்கிச் சேர்த்து வைத்தவர் எண்ணிறந்தோர். ஆதலின், இன்றும் அவை மலிவாகவே கிடைக்கின்றன; மாணவன் தன் கைச்செலவுக் காசில் வாங்கலாம். அவற்றின் துளையிட்ட மாதிரிகளோ சில நூறே உள. அவற்றைப் பெறுதற்குப் பன்மடங்கு விலை கொடுத்தல் வேண்டும்.

இதற்கு மறுதலையானது, ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் காலத்தில் 1912 முதல் 1925 வரை வெளிவந்த இலங்கைத் தலை வரிசை. அவ்வரிசையின் உச்சியில் ஆயிரம் ரூபாய்த் தலை ஒன்று உண்டு. எந்தக் கடிதத்துக்குத்தான் ஆயிரம் ரூபாய்க் கட்டணம் வேண்டும்? இத்தகைய பெருவிலைத் தலைகள் பெரும்பாலும் அரசுக்கு வரி செலுத்துதற்கே பயன்பட்டன. அந்நாளில் ஆயிரம் ரூபாயை ஒரு தலையில் முடக்கி ஏட்டில் ஒட்டி வைக்கக்கூடியவர் மிகச் சிலர். ஆகவே, பயன்படுத்தப்படாத தலை இன்று பெருஞ்செல்வர்க்கே உரியது. அதன் மாதிரியோ அவ்விலையில் ஒரு சிறு பகுதிக்குக் கிடைக்கும். அதே அச்சு, அதே தாள், அதே வண்ணம். இடையே ஒரு சொல் மட்டும் மிகுதி. அக்காலத்து நீரிணைக் குடியேற்றங்களின் ஐந்நூறு டாலர்த் தலையும் இத்தகையதே. வரிசையை முழுமையாக்க விரும்பும் நடுத்தரத் திரட்டாளர் மாதிரியைக் கொண்டு அவ்விடத்தை நிரப்பிக்கொள்வர். இதனைக் குறையெனக் கருதுவோரும் உளர். எனினும், வெற்றிடத்தினும் மாதிரி மேலானது என்பதை யாவரும் ஒப்புவர்.

மாதிரிகளின் மதிப்பு விலையளவில் நிற்பதன்று. ஒரு தலை பல்லாண்டுகள் அச்சாகுங்கால், வண்ணம் சிறிது சிறிதாக வேறுபடும். மாதிரிகளோ பெரும்பாலும் முதன்முறை அச்சானவற்றிலிருந்தே எடுத்து அனுப்பப்பட்டன. ஆகவே, தொடக்க வண்ணம் எது என்னும் வழக்கு எழும்போது மாதிரியே நடுவராக நின்று தீர்க்கும். அரசர் இறந்தமையாலோ கட்டணம் மாறியமையாலோ அச்சாகியும் மக்களுக்கு விற்கப்படாமல் நின்றுவிட்ட தலைகளும் உள. அவற்றுட் சில, மாதிரிகளின் வாயிலாகவே இன்று அறியப்படுகின்றன. இத்துறையில் உழைத்தோருள் மார்க்கஸ் சாமுவேல் என்பவர், ஆங்கிலக் குடியேற்ற நாடுகளின் 1857 முதல் 1948 வரையுள்ள மாதிரித் தலைகளைப் பற்றி 1976இல் விரிவான நூல் ஒன்று வெளியிட்டார். மேலச்சு எழுத்துகளின் வகைகளையெல்லாம் அடையாளங் காண அது பெருந்துணையாயிற்று.

மாதிரிகள் யாவும் ஒன்றியத்துக்கென்றே தோன்றியவை என்று கொள்ளுதலும் தவறு. அமெரிக்க அரசினர் தம் அலுவல் துறைகளுக்குரிய தலைகளை 1875இல் மீண்டும் அச்சிட்டு, 'ஸ்பெசிமன்' என்று பொறித்து, குறித்த விலைக்கே பொதுமக்களுக்கு விற்றனர். ஒரு சென்ட் தலைகளைப் பலர் வாங்கினர். விலை உயர்ந்தவற்றை வாங்கியவர் மிகச் சிலரே. அவற்றை அச்சிட்டபோது எழுத்துக் கோத்தவர் ஓரிடத்தில் இரண்டாம் எழுத்தையும் மூன்றாம் எழுத்தையும் இடம் மாற்றிவிட்டார். அதனால் சில தலைகள் 'செப்சிமன்' என்று அச்சாயின. பள்ளியில் இவ்வாறு எழுதும் மாணவன் மதிப்பெண்ணை இழப்பான். அத்தலைகளோ பிழையினாலேயே பெருமதிப்புப் பெற்றன. அச்சுக் கம்பெனிகள் தம் தொழில் திறத்தை வாடிக்கையாளர்க்குக் காட்டச் செய்த மாதிரிகள் வேறொரு வகை. வாட்டர்லோ கம்பெனியார் தம் பெயரோடு 'ஸ்பெசிமன்' என்றும் பொறித்து, சிறு துளையும் இட்டு, உண்மைத் தலைக்கு இல்லாத வண்ணங்களிலும் அச்சிட்டனர். இவை அஞ்சல் துறையின் சான்றுகள் அல்ல, வணிகரின் விளம்பரங்களே. இரண்டனையும் ஒன்றெனக் கருதி விலை கொடுப்பவர் ஏமாறுவர்.

இந்திய நாட்டுத் தலைகளிலும் ஒரு சொல்லை மற்றொன்றாக மயங்குவதற்கு இடமுண்டு. 1948ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் வெளியான காந்தியடிகள் நினைவுத் தலைகள் நான்கு. சுவிட்சர்லாந்தில் அச்சான அவற்றுள் மிக உயர்ந்தது பத்து ரூபாய்த் தலை. 'சர்வீஸ்' என்று மேலச்சிடப்பட்டுக் கவர்னர் ஜெனரல் அலுவலகத்தின் பயனுக்கென ஒதுக்கப்பட்டவை சில. அவ்வகைப் பத்து ரூபாய்த் தலைகள் நான்கு கொண்ட வரிசையொன்று 2017இல் ஐந்து லட்சம் பவுனுக்கு விலையாயிற்று. 'சர்வீஸ்' என்றது அலுவலகக் கடிதங்களில் ஒட்டத்தக்க மெய்த்தலை; 'ஸ்பெசிமன்' என்றது ஒட்டத்தகாத மாதிரி.

மெய்யைக் காட்டப் பிறந்த மாதிரிக்கே போலி தோன்றியது காலத்தின் கோலம். இவ்வஞ்சம் இருவகைப்படும். மலிந்த தலை கைவசமுள்ளவன் அதன்மேல் 'ஸ்பெசிமன்' என்று தானே அச்சிட்டு, அரிய மாதிரியென விற்பான். பெருவிலைத் தலையின் மாதிரி கைவசமுள்ளவனோ, மேலச்சை மருந்துநீரால் அகற்றி மெய்த்தலையென விற்பான். முன்னதைக் கண்டறிய, அந்நாட்டில் அவ்வாண்டில் வழங்கிய மேலச்சின் எழுத்து வடிவத்தையும் நீளத்தையும் உண்மை மாதிரியோடு ஒப்பிடுதல் வேண்டும். அஞ்சல் முத்திரை விழுந்த தலைமேல் அச்சொல் இருப்பின் முதற்கண் ஐயுறுதலே முறை. பின்னதைக் கண்டறிய உருப்பெருக்காடியும் புறஊதா விளக்கும் துணையாகும். மருந்து பட்ட இடத்தில் தாள் வேறுபட்டு ஒளிரும், வண்ணமும் வெளிறியிருக்கும். பெருவிலைக்கு வாங்குமுன் வல்லுநர் குழுவின் சான்றிதழைக் கேட்டுப் பெறுதல் திரட்டாளர் வழக்கம்.

அலுவலர் பெட்டிகளுக்குள் கிடந்த மாதிரிகள் வணிகர் கைக்கு வந்தது எவ்வாறு? அஞ்சல் துறைகள் சில தம் பழைய தொகுதிகளை விற்றன. அச்சுக் கம்பெனிகளும் அவ்வாறே செய்தன. அமெரிக்கப் பாங்கு நோட்டுக் கம்பெனியார் தம் பெருந்தொகுதியை 1990இல் ஏலத்தில் விற்றபோது, பல நாட்டு மாதிரிகள் ஒருங்கே வெளிவந்தன. ஆங்கிலக் குடியேற்ற நாடுகளின் மாதிரிகளுக்குச் சொல் பொறிக்கும் வழக்கம் 1948இல் நின்றது. அதற்குப் பின்னும் பெர்ன் நகருக்குத் தலைகள் செல்கின்றன. ஆனால், குறியின்றிச் சென்ற அவற்றை அஞ்சல் நிலையத்தில் விற்ற தலைகளினின்று பிரித்தறிய எவராலும் இயலாது. ஆதலின் திரட்டாளர்க்கு அவற்றில் தனி விலை இல்லை.